குண்டலிகாவில் காலையில்தான் தண்ணீர் வரும்

"காலையில தண்ணி வரும்" என்றால் நம் ஊர்க்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது குழாயடியும் பிளாஸ்டிக் குடமும்தான். மும்பையிலிருந்து தெற்கே சுமார் 110 கிலோமீட்டர் போனால் ஓர் ஆற்றுக்கே அந்தக் கதை. ராய்கட் மாவட்டத்தில் கோலாட் பக்கம் ஓடும் குண்டலிகா. மழைக்காலம் முடிந்த பிறகு, ராத்திரி பார்த்தால் பாறைகள் முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கும். காலையில் மேலே பீரா மின்நிலையத்தின் சக்கரங்களைச் சுற்றிவிட்டு வெளியே வரும் தண்ணீரைத் திறந்துவிட்டதும் ஆறு கரை நிறைந்து ஓட ஆரம்பிக்கும். சில மணி நேரம்தான். அப்புறம் பழையபடி பாறை.

அந்தச் சில மணி நேரத்துக்காகத்தான் வாரக்கடைசியில் பாதி மும்பை அங்கே போய் இறங்குகிறது. ராஃப்ட், கயாக், கனூ என்று எதையாவது தூக்கிக்கொண்டு எல்லோரும் சாஜே கிராமத்துக் கரையில் வரிசையில் நிற்பார்கள். போன அக்டோபரில் அந்த வரிசையில் திலக் நகர்க்காரர்கள் நாங்கள் ஏழு பேரும் நின்றோம். இரண்டு ராத்திரி டென்ட், இரண்டு பகல் படகு என்று திட்டம். எங்களில் ஒருவர் கம்பத்துக்காரர், ஒருவர் நெல்லை (எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி). மிச்சப்பேர் செம்பூரிலேயே பிறந்து, தமிழை வீட்டிலும் மராத்தியைத் தெருவிலும் பேசி வளர்ந்தவர்கள்.

பயணக் கதையை முழுசாக எழுதப்போவதில்லை. யார் எத்தனை தடவை கவிழ்ந்தார்கள் என்பது சம்பந்தப்பட்டவர்களின் குடும்ப ரகசியம். எழுத நினைத்தது அந்தத் தண்ணீரைப் பற்றி. அது அந்த ஆற்றின் தண்ணீரே இல்லை.

முதலில் கனூ பற்றி இரண்டு வார்த்தை. கயாக் என்றால் இரண்டு பக்கமும் மட்டை உள்ள துடுப்பு. கால் நீட்டி உட்கார வேண்டும். கனூ திறந்த படகு, துடுப்புக்கு ஒரு பக்கம்தான் மட்டை. பேர்தான் புதுசு, கரீபியன் தீவுக்காரர்களின் சொல்லை கொலம்பஸ் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். பொருள் நமக்குப் பழசு. ஒற்றை மரத்தைக் குடைந்த வள்ளம் நம் கடலோரத்திலும் காயலிலும் எத்தனை காலமாக ஓடுகிறது! அதைப் பொழுதுபோக்காக மாற்றியதுதான் வெள்ளைக்காரன் வேலை. 1865இல் ஜான் மெக்ரிகர் என்ற ஸ்காட்லாந்து வக்கீல் 'ராப் ராய்' என்ற சின்னப் படகில் ஐரோப்பிய ஆறுகளில் சுற்றிவிட்டு அடுத்த வருடம் புத்தகம் போட்டார். அதிலிருந்து பிடித்தது இந்தப் பைத்தியம். 1876இல் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், பின்னாளில் 'ட்ரெஷர் ஐலண்ட்' எழுதியவரேதான், ஒரு நண்பரோடு பெல்ஜியத்திலிருந்து பிரான்ஸ் வரை இலையுதிர்காலத்தில் படகு வலித்துப் போனார். வழியெல்லாம் மழை. நனைந்து போய் நின்றவர்களைத் தலைச்சுமை வியாபாரிகள் என்று நினைத்து ஒரு விடுதியில் இடம் இல்லை என்று விரட்டிவிட்டார்கள். 

டொரொன்டோ பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு இலையுதிர்காலக் கனூ என்றால் அல்கான்குவின் பூங்காவும் சிவப்பு மேப்பிள் இலைகளும். நமக்கு அந்தப் பருவம் கிடையாது. பழைய கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். ஊரில் அது அடைமழை நேரம், டென்ட் போட்டால் டென்ட்டும் மிதக்கும். மும்பையிலோ தென்மேற்குப் பருவமழை போனதும் ஒரு வேக்காடு வரும். 'அக்டோபர் ஹீட்' என்று அதற்கு உள்ளூர்ப் பேர். பகலில் வியர்வை, ராத்திரியில் மலையடிவாரத்தில் இதமான குளிர், மலையெல்லாம் இன்னும் பச்சை. படகுக்கு இதைவிட நல்ல நேரம் இல்லை.

சரி, தண்ணீருக்கு வருவோம்.

புனேக்கு மேற்கே சஹ்யாத்ரி மலையின் உச்சி விளிம்புக்குப் பக்கத்தில் முல்ஷி. நீலா என்று ஓர் ஆறு, முலா என்று ஓர் ஆறு, இரண்டும் சேரும் இடம். தாம்ஹிணி காட் என்று சொல்லும் இந்த விளிம்பில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும். ஒப்பிட்டுப் பார்க்க: சென்னைக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பது சுமார் 1,400. அதே மலையிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் புனே நகரத்துக்குச் சுமார் 700தான். இங்கே விழும் மழை இயற்கையாகக் கிழக்கே போக வேண்டியது. முலா, முடாவோடு சேர்ந்து, பீமாவில் விழுந்து, பீமா கிருஷ்ணாவில் விழுந்து, பந்தர்பூர் விட்டலன் காலடி வழியாக, சோலாப்பூர், கர்நாடகம், ஆந்திரம் எல்லாம் பார்த்துவிட்டு வங்காள விரிகுடாவுக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஆனால் மேற்கே சில கிலோமீட்டர் நகர்ந்தால் மலை சட்டென்று முடிந்துவிடுகிறது. கீழே கொங்கண். சுமார் அரை கிலோமீட்டர் செங்குத்துப் பள்ளம். ஆண்டு முழுக்கத் தண்ணீரைத் தேக்கிவைத்து, மலையைக் குடைந்து, அந்தப் பள்ளத்தில் குழாய் வழியாக இறக்கினால்? அரை கிலோமீட்டர் உயரத் தண்ணீரின் எடை முழுவதும் கீழே குழாய் முனையில் வந்து நிற்கும். அதை ஒரு சின்ன வாய் வழியாகப் பீய்ச்சி, சுற்றிலும் கிண்ணம் பதித்த சக்கரத்தின் மேல் அடித்தால் சக்கரம் சுற்றும். அதற்குப் பெல்டன் சக்கரம் என்று பேர்.

பம்பாய்க்கு வேண்டியதும் அதுதான். ஊரெல்லாம் பஞ்சாலை, ஆலையெல்லாம் நீராவி, நீராவிக்கு நிலக்கரி. கரி தூரத்திலிருந்து வர வேண்டும், புகை வேறு. ஜாம்ஷெட்ஜி டாடாவுக்கு இந்த மலைத் தண்ணீர் யோசனை பிடித்திருந்தது. அவர் 1904இல் இறந்த பிறகு பிள்ளைகள் முடித்தார்கள். 1911இல் லோணாவாளாவில் அணைக்கு அடிக்கல், 1915இல் கோபோலி மின்நிலையம். அடுத்து 1922இல் பிவ்புரி. மூன்றாவதுதான் முல்ஷி அணையும் பீரா மின்நிலையமும். இதற்காகவே 1919இல் டாடா பவர் கம்பெனியைத் தொடங்கினார்கள். பீரா 1927இல் ஓட ஆரம்பித்தது.

இடையில் உள்ள எட்டு வருடம்தான் கதை.

முல்ஷிப் பள்ளத்தாக்கு காலி இடம் இல்லை. மாவளர்கள் என்று சொல்லும் மலை விவசாயிகளின் நாடு. சிவாஜியின் படையில் முன்வரிசையில் நின்றவர்களின் வம்சம் என்று அவர்களுக்குப் பெருமை. நெல் வயல். ஐம்பதுக்கு மேற்பட்ட கிராமங்கள், சுமார் 11,000 பேர். நோட்டீஸ் என்று ஒழுங்காக ஒன்று வருமுன்பே கம்பெனி ஆட்கள் வந்து வயலில் பள்ளம் தோண்டினார்கள் என்பதுதான் சண்டையின் ஆரம்பம். புனேயில் திலகரின் ஆட்கள் பிரச்சினையைக் கையில் எடுத்தார்கள். திலகர் 1920 ஆகஸ்டில்தான் இறந்திருந்தார். 

1921 ஏப்ரல் 16, ராம நவமி. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அணை கட்டும் இடத்துக்கு நடந்து போய் உட்கார்ந்துவிட்டார்கள். பெண்களும் வந்தார்கள், பின்னால் சிறைக்கும் போனார்கள். வேலை நின்றது. கம்பெனி ஆறு மாதம் நிறுத்திவைக்கச் சம்மதித்தது. அதற்குள் அரசாங்கம் நிலம் எடுக்கும் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கம்பெனி பக்கம் வந்து நின்றது. ஆண்டு முடிவில் இரண்டாம் சுற்று, கைது மேல் கைது. ராஜேந்திர வோரா என்ற புனே பேராசிரியர் இதைப் பற்றி எழுதிய ஆங்கிலப் புத்தகத்துக்கு, உலகின் முதல் அணை எதிர்ப்பு இயக்கம் என்றே தலைப்பு வைத்தார் (2009). நர்மதா எல்லாம் அறுபது வருடம் கழித்துத்தான்.

தலைமை தாங்கியவர் பாண்டுரங்க மகாதேவ் பாபட். இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இவர் நம்மாள் மாதிரி. 1904இல் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்க ஸ்காலர்ஷிப்பில் எடின்பரோ போன பையன். நம் வீடுகளில் கனவு காணும் அதே பாதை. போன இடத்தில் ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துப் பேசினார், ஸ்காலர்ஷிப் போயிற்று. பாரிஸ் போய் வெடிகுண்டு செய்யக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். அப்புறம் தலைமறைவு, சிறை எல்லாம். அந்த ஆள்தான் முல்ஷியில் விவசாயிகளோடு தரையில் உட்கார்ந்தார். 'சேனாபதி' என்ற பட்டம் அங்கேதான் கிடைத்தது. 

அமைதிப் போராட்டம் தோற்றுக்கொண்டிருந்தபோது அவருக்குப் பொறுமை போய்விட்டது. 1924 கடைசியில் சில தோழர்களோடு அணை வேலைக்குப் போன ரயிலைத் தண்டவாளத்தில் கல் வைத்து மறித்தார். கையில் துப்பாக்கியும் இருந்தது. பிடிபட்டு, 1931 வரை சிறை. முதலில் ஆதரித்து எழுதிய காந்தியும் பிறகு விலகி நின்றார்.

மாதுங்காவுக்குக் காய்கறி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். மாதுங்கா ரோடு ஸ்டேஷனை ஒட்டி தாதர் வழியாக லோயர் பரேல் வரை போகும் சேனாபதி பாபட் மார்க் இவர் பேரில்தான். பழைய ஆட்கள் இன்னும் துளசி பைப் ரோடு என்பார்கள். துளசி ஏரித் தண்ணீர்க் குழாய் போன வழி. தண்ணீர்க் குழாயை எதிர்த்தவர் பேரை ஒரு தண்ணீர்க் குழாய் ரோட்டுக்கு வைத்திருக்கிறார்கள்!

போராட்டம் ஏன் தோற்றது? ஆங்கிலேய அரசு, பெரிய கம்பெனி என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு உறுத்துவது வேறு. இழப்பீடு நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான். பள்ளத்தாக்கின் பல வயல்கள் கடனுக்காக ஏற்கெனவே புனே சாவ்கார்கள் பேருக்குப் போயிருந்தன. உழுதவர் மாவளர், பத்திரம் லேவாதேவிக்காரரிடம். அவர்களுக்கு வேண்டியது நல்ல விலை. வயல் முழுகினால் என்ன? போராட்டத்தின் உள்ளேயே 'அணை வேண்டாம்' என்று ஒரு கட்சி, 'பணம் கூட்டிக் கொடு' என்று ஒரு கட்சி. உயிரைக் கொடுத்தாலும் நிலம் தரமாட்டோம் என்று கத்தியவர்களில் பலருக்குச் சட்டப்படி கொடுக்க நிலமே இல்லை.

டென்ட் முகாமில் எங்களுக்குச் சமைத்துப் போட்டவர் பெரியவர், அறுபதைத் தாண்டியிருப்பார். மேலே காட் பக்கத்து ஆள். ராத்திரி தாளி அடுப்பருகே அண்ணாச்சி பேச்சுக் கொடுத்தார். "காக்கா, உங்க சொந்த ஊர் எது?" மராத்தியில் காக்கா என்றால் சித்தப்பா, தமிழில் எழுதினால் வேறு மாதிரி இருக்கிறது, என்ன செய்ய. பெரியவர் கரண்டியால் மலையைக் காட்டினார். "பாட்டி ஊர் தண்ணிக்குள்ள. நாங்க அதுக்கு மேல." கோபமெல்லாம் இல்லை. பஸ் ஸ்டாப்பைச் சொல்வது போலச் சொன்னார். பிறகு பாக்ரி தட்டப் போய்விட்டார்.

அப்போது கம்பத்துக்காரர் சொன்னதுதான் என்னை இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க வைத்தது. "இது எங்க ஊரு கதையைத் தலைகீழாப் போட்ட மாதிரி இருக்குங்க" என்றார்.

யோசித்துப் பாருங்கள், அப்படியே தலைகீழ். பெரியாறு மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டிய ஆறு. பென்னிகுயிக் அதை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து, 1895 அக்டோபரில் கிழக்கே வைகைப் பக்கம் திருப்பினார். அதற்கு முன்னால் 1886இல் திருவிதாங்கூரோடு 999 வருடக் குத்தகை. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய். அந்தத் தண்ணீரில் கம்பம் பள்ளத்தாக்கு இருபோகம் விளைகிறது; மதுரைக்குக் குடிதண்ணீர் கிடைக்கிறது. தேனிப் பக்கம் பிள்ளைக்குப் பென்னிகுயிக் என்று பேர் வைத்த வீடுகள் உண்டு. முல்ஷியிலோ கிழக்கே போக வேண்டியதை மேற்கே திருப்பினார்கள். அங்கே காய்ந்த நிலத்தை நனைக்க, இங்கே நனைந்த கொங்கணில் சக்கரம் சுற்ற. இரண்டும் ஒரே மலைத்தொடர், ஒரே வித்தை, முப்பது வருட இடைவெளி.

பென்னிகுயிக்குக்கு மணிமண்டபம் கட்டிய நாம், பீராவைப் பார்த்து உடனே 'அநியாயம்' என்று சொல்வதற்கு முன் ஒரு நிமிஷம் நிற்கத்தான் வேண்டும். கேரளத்துக்காரரிடம் கேட்டால் பெரியாறு கதையை வேறு மாதிரி சொல்வார். ஆனால் ஒரு வித்தியாசத்தை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். பெரியாற்றில் முழுகியது பெரும்பாலும் காடு. முல்ஷியில் முழுகியது ஊர்.

இன்னொன்று. சென்னை உறவினர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் பங்கு உண்டு. கிருஷ்ணா நீரில் சென்னைக்குக் குடிக்கக் கொடுப்பதற்காக மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் ஆளுக்கு 5 டிஎம்சி விட்டுத்தருவதாக 1976இல் ஒப்புக்கொண்டன. அதுதான் தெலுங்கு கங்கை. 1996இல் முதல் தண்ணீர் தமிழ்நாட்டு எல்லைக்கு வந்தது. முல்ஷி ஏரி அதே கிருஷ்ணா வடிநிலத்தின் தலைமாட்டில் இருக்கிறது. அங்கே மேற்கே திரும்பும் ஒவ்வொரு சொட்டும் கிருஷ்ணாவின் கணக்கில் செலவுதான். அதனால்தான் கிருஷ்ணா நடுவர் மன்றமே இந்த டாடா அணைகள் மேற்கே எவ்வளவு திருப்பலாம் என்று உச்சவரம்பு வைத்தது. சோலாப்பூர் பக்கம் வறட்சி வரும்போதெல்லாம் 'மேற்கே போகும் தண்ணீரைத் திருப்பிக் கொடு' என்ற குரலும் வரும்.

இந்த மின்சாரம் எங்கே போயிற்று? பரேல், லால்பாக் ஆலைகளுக்கு. பிறகு ரயிலுக்கு. 1925 பிப்ரவரி 3ஆம் தேதி இந்தியாவின் முதல் மின்சார ரயில் விக்டோரியா டெர்மினஸிலிருந்து ஹார்பர் தடத்தில் குர்லா வரை ஓடியது. குர்லாவுக்கு அடுத்த ஸ்டேஷன்தான் எங்கள் திலக் நகர். தினமும் காலை 8:40க்குக் கதவைப் பிடித்துத் தொங்கும் வண்டிக்கு அந்த வரலாறு உண்டு.

இன்று மும்பையின் தேவைக்கு இது சின்னத் துளி. கோபோலி, பிவ்புரி, பீரா மூன்றும் சேர்ந்து 447 மெகாவாட்; அதில் பீரா மட்டும் 300. ஆனால் தண்ணீர் மின்சாரத்துக்கு ஒரு குணம்: சில நிமிஷத்தில் ஓட ஆரம்பித்துவிடும். 2020 அக்டோபர் 12 காலை மும்பை முழுக்க இருண்டதே, ஞாபகம் இருக்கிறதா? ரயில் நின்றது, வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களெல்லாம் மோடத்தை முறைத்தோம். அன்றைக்கு மீட்டெடுத்ததில் இந்த மலை மின்நிலையங்களுக்கும் பங்கு உண்டு. சூரிய மின்சாரம் பெருகப் பெருக, பகலில் தண்ணீரை மேலே ஏற்றி ராத்திரி இறக்கும் நிலையங்களுக்குக் கிராக்கி கூடுகிறது. 2023இல் பிவ்புரியில் 1,000, சிராவ்டாவில் 1,800 மெகாவாட் நிலையங்களுக்கு மகாராஷ்டிர அரசோடு டாடா ஒப்பந்தம் போட்டது. மலை இன்னும் குடையப்படும்.

எங்கள் ஆபீஸ் கட்டடத்துக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவரும் டப்பாவாலாக்களை ஊருக்குத் திரும்பியதும் விசாரித்தேன். பெரும்பாலான டப்பாவாலாக்கள் மாவள், முல்ஷி, ராஜகுருநகர் பகுதிக்காரர்கள் என்று படித்திருந்தேன். அணைதான் அவர்களை மும்பைக்குத் துரத்தியது என்று சொல்ல வரவில்லை. டப்பா வேலை 1890இலேயே தொடங்கியது, அணைக்கு முப்பது வருடம் முன்னால். கல்லு பூமி, ஒரு போகம், கடன். நம் நெல்லைச் சீமை ஆட்கள் தாராவி தோல் ஷாப்புகளுக்கு வண்டி ஏறிய அதே காரணங்கள். எங்கள் மாடிக்கு வருகிறவர் முல்ஷி தாலுகா என்றார். ஏரியைப் பற்றிக் கேட்டேன். "அங்கே இப்ப ரிசார்ட் நிறைய வந்துடுச்சு சாஹேப். நீங்களும் போங்க, நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த டப்பாவை எடுத்தார்.

கோலாட் போக நினைக்கிறவர்களுக்கு: கோவா நெடுஞ்சாலையில் நேராகப் போகலாம். 2011இல் தொடங்கிய அகலப்படுத்தும் வேலை எங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து வளர்ந்தது, ஆகவே நேரத்தைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் இருந்தால் ராஃப்ட் ஓடும் பகுதி வேண்டாம். கீழே டோல்வஹால் தடுப்பணையில் தண்ணீர் அசையாமல் நிற்கும், கனூ பழக அதுதான் இடம். லைஃப் ஜாக்கெட் கட்டாமல் படகில் ஏறாதீர்கள், நீச்சல் தெரிந்தாலும். காலை எத்தனை மணிக்குத் தண்ணீர் விடுவார்கள் என்பதை முதல்நாள் ராத்திரியே விசாரித்துவிடுங்கள். ஆற்றுக்குள் பாறையில் உட்கார்ந்து பல் தேய்க்கும் ஆசை வேண்டாம். முடிந்தால் கோஜாகிரி பௌர்ணமியை ஒட்டிப் போங்கள். நிலா வெளிச்சத்தில் மசாலாப் பால் காய்ச்சிக் குடிக்கும் மராத்தி வழக்கம், முகாமில் நிச்சயம் ஒரு டம்ளர் கிடைக்கும்.

திரும்பும்போது புனே வழியாக வருவதாக இருந்தால் தாம்ஹிணி காட்டில் ஏறுங்கள். சாலை முல்ஷி ஏரிக் கரையை ஒட்டியே வெகுதூரம் போகும். வண்டியை நிறுத்த ஓரமாக நிறைய இடம் இருக்கிறது. வேகவைத்த சோளம், சாயா கிடைக்கும். அணைக்குள் பொதுமக்களை விடுவதில்லை.